மைனஸ் கணக்கும் போட்டுப் பாருங்கள்

டேட்டா சயின்ஸ் வேலை தேடுகிறீர்களா? ரெஸ்யூமேயில் இன்னொரு டைட்டானிக் புராஜெக்ட் வேண்டாம். பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. யாருக்கு யாரைப் பிடிக்கும் என்பதோடு, யாருக்கு யாரைப் பிடிக்காது என்பதையும் அலசும் சைன்டு நெட்வொர்க் பக்கம் வாருங்கள். அங்கே கூட்டம் குறைவு.

1. அடிப்படையை அரை நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள். எதிரிக்கு எதிரி நண்பன். ஃபிரிட்ஸ் ஹைடர் 1946-இல் உளவியலாகச் சொன்னதை, கார்ட்ரைட்டும் ஹராரியும் 1956-இல் கணிதமாக்கினார்கள். மூன்று பேரை ஒரு முக்கோணமாக எடுத்து, பிடித்தால் பிளஸ், பிடிக்காவிட்டால் மைனஸ் போட்டு, மூன்று குறிகளையும் பெருக்குங்கள். பிளஸ் வந்தால் சமநிலை.

2. நிஜ டேட்டாவில் கை வையுங்கள். ஸ்டான்ஃபோர்டின் ஸ்நாப் தொகுப்பில் பிட்காயின் ஓடிசி என்ற வர்த்தகத் தளத்தின் டேட்டா இலவசமாகவே கிடைக்கிறது. 5,881 பேர், ஒருவருக்கொருவர் கொடுத்த 35,592 நம்பிக்கை ரேட்டிங். -10 முதல் +10 வரை. அதில் 89 சதவீதம் பிளஸ்.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ‘என் மாடலின் அக்யூரசி 89 சதவீதம்’ என்று பெருமையடிக்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் பிளஸ் போட்டாலே அது வந்துவிடும். மைனஸில் எத்தனையைப் பிடித்தீர்கள்? அதைச் சொல்லுங்கள்.

முக்கோணத்திலும் இதே வில்லங்கம். இந்த விகிதத்தில் குறிகளைக் குலுக்கிப் போட்டாலே ஏறக்குறைய 74 சதவீத முக்கோணங்கள் சமநிலையில் வந்து நிற்கும். எனவே இணைப்புகளைத் தொடாமல் குறிகளை மட்டும் திரும்பத் திரும்பக் கலைத்து ஒப்பிடுங்கள். லெஸ்கோவெக் குழு 2010-இல் விக்கிபீடியா, ஸ்லாஷ்டாட், எபினியன்ஸ் டேட்டாவை இப்படித்தான் சோதித்தது. இன்டர்வியூவில் கேள்வி வருவதற்கு முன் நீங்களே இதைச் சொன்னால், எதிரே இருப்பவர் பேனாவை எடுப்பார்.

3. இணைப்பே இல்லாத பூஜ்யத்தை மைனஸ் ஆக்காதீர்கள். பேசிக்கொள்ளாத இருவர் பகையாளிகள் என்று அர்த்தமில்லை. வேறு வேறு ஷிஃப்டில் இருக்கலாம். உறவு உண்டா, உண்டென்றால் என்ன குறி என்று இரண்டு கேள்விகளாகப் பிரியுங்கள். இதற்கு ஆர் மொழியின் ஸ்டேட்நெட் தொகுப்பில், நெட்வொர்க்குக்கான புள்ளியியல் மாடலான இஆர்ஜிஎம் பழகுங்கள். ஒரு வாரம் தலை சுற்றும், பரவாயில்லை.

4. ஹெச்ஆர் புராஜெக்ட் வந்தால் உஷார். 1960-களில் சமூகவியலாளர் சாம்ப்சன் ஒரு மடாலயத்தில் 18 இளந்துறவிகளிடம் பிடித்தவர், பிடிக்காதவர் பெயர்களைக் கேட்டு வாங்கினார். ஆபீஸில், அதுவும் அப்ரைசல் நேரத்தில், யார் உண்மையை எழுதுவார்கள்? அப்படியே எழுதினாலும், பெயரோடு கூடிய மைனஸ் பட்டியலை எந்த மேனேஜருக்கும் அனுப்பாதீர்கள். டீம் அளவில் தொகுத்து மட்டும் கொடுங்கள். லீக் ஆனால் முதலில் கேட்கப்போவது, ஃபைலைத் தயாரித்தது யார் என்றுதான்.