பழைய கணினித் திரையின் நோய்களும் வைத்தியமும்

தட்டையான திரைகள் வந்தபின், முதுகு புடைத்த பழைய கணினித் திரைகள் மூலையில் ஒதுங்கிவிட்டன. ஆயினும் அவற்றின் உடன்பிறப்பு ஒன்றை ஜேடர்பாளையத்தில் உள்ளவர்களும் அறிவார்கள். 2006-ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு இலவசமாக வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியே அது. இரண்டிற்கும் உயிர்நாடி ஒன்றுதான்: ஜெர்மானிய அறிஞர் பிரௌன் 1897-இல் உருவாக்கிய எதிர்மின் கதிர்க்குழாய். ஆகவே ஒன்றின் நோயை அறிந்தால் மற்றதன் நோயும் ஓரளவு விளங்கும்.

குழாயின் கழுத்திலுள்ள இழை சூடேறியதும் எதிர்மின்னிகள் வெளிப்படுகின்றன. 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் அவற்றை இழுக்க, அவை திரையின் உட்பூச்சில் மோதி ஒளியை உண்டாக்குகின்றன. கழுத்தைச் சுற்றியுள்ள செப்புச் சுருள்கள் அக்கதிரை இடம் வலமாகவும் மேல் கீழாகவும் ஆட்டுகின்றன.

இனி நோய்க்கு வருவோம். படம் முழுவதும் மஞ்சளித்துத் தெரிகிறதா? நீலம் வரவில்லை என்று பொருள். படம் நீலப்பச்சையானால் சிவப்பும், கருஞ்சிவப்பு கலந்த ஊதாவானால் பச்சையும் வரவில்லை. கணினியிலிருந்து வரும் கேபிளின் முனையில் 15 ஊசிகளுக்கு இடம் உண்டு. அவற்றுள் 1, 2, 3 ஆகியவை முறையே சிவப்பு, பச்சை, நீலத்தைக் கொண்டுவருபவை. பல சமயங்களில் அவற்றுள் ஒன்று வளைந்திருப்பதே நோய்! செலவில்லாத வைத்தியம் இது. விளக்கு எரிந்தும் படமே வராவிட்டால், அப்பொழுதும் முதலில் கேபிளையே பாருங்கள்.

மூலையில் வண்ணத் திட்டுகள் தோன்றினால் அருகில் ஒலிபெருக்கி இருக்கிறதா என்று கவனியுங்கள். அதன் காந்தம் உள்ளேயுள்ள துளைத் தகட்டைக் காந்தமாக்கியிருக்கும். ஒலிபெருக்கியை நகர்த்திவிட்டு, திரையைச் சற்று நேரம் அணைத்து வைத்துப் பின் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நடுவே ஒரே ஒரு வெள்ளைக்கோடு குறுக்காகத் தெரிந்தால் மேல் கீழாக ஆட்டும் பகுதி செயலிழந்துவிட்டது. உடனே அணைத்துவிடுங்கள், இல்லையேல் அக்கோடு திரையில் நிலையான வடுவாகிவிடும்.

பக்கவாட்டில் தட்டினால் படம் வருகிறது என்பார்கள். தட்டுவது வைத்தியமன்று, ஆனால் நல்ல துப்பு! ஆண்டுக்கணக்கில் சூடும் குளிர்ச்சியும் மாறிமாறிப் பட்டு ஈயப்பற்று விரிசல் விட்டிருக்கிறது என்பதை அது காட்டுகிறது. மெக்கானிக் அவ்விடத்தில் மீண்டும் பற்றவைத்தால் போதும். படம் சுருங்கினாலோ ஓரங்கள் நெளிந்தாலோ, மின்தேக்கிகளின் உள்ளேயுள்ள திரவம் வற்றியிருக்கக்கூடும். தலை உப்பியிருப்பதைக் கொண்டும் பழுதான மின்தேக்கியை அடையாளம் காணலாம். புதியது சில ரூபாயில் கிடைக்கும்.

அப்படியானால் நாமே திறந்து மாற்றலாமே என்று எண்ணாதீர்கள். 230 வோல்ட் மின்சாரத்தின் உச்ச அளவைக் கணக்கிட 1.414-ஆல் பெருக்குங்கள்: 325 வோல்ட். உள்ளேயுள்ள பெரிய மின்தேக்கி இந்த அளவுக்கு மின்னேற்றம் பெற்றிருக்கும். போதாதற்கு, படக்குழாயின் கண்ணாடியும் ஒரு மின்தேக்கியைப் போலவே மின்னேற்றத்தைப் பிடித்து வைக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது நீங்காமல் இருக்கலாம். முறையாக அதை வெளியேற்றப் பயின்றவர் மட்டுமே மூடியைக் கழற்ற வேண்டும். அண்ணனோ தம்பியோ திருப்புளியுடன் அமர்ந்தால் தடுப்பது உங்கள் பொறுப்பு.

படம் ஆண்டுதோறும் மங்கிக்கொண்டே வந்தால் குழாய் கிழடாகிவிட்டது. அதற்குச் செலவழிப்பது வீண் என்பது என் கருத்து. ஆனால் அதைத் தூக்கி எறியும் இடத்தில்தான் பெரிய கேடு நிகழ்கிறது. செப்புச் சுருளைப் பிடுங்கிக்கொண்டு கண்ணாடியை உடைத்து ஓடையில் வீசுகிறார்கள். குழாயின் உள்ளே வெற்றிடம். 14 அங்குலத் திரையின் மீது மட்டும் காற்று ஏறக்குறைய அரை டன் எடையாக அழுத்துகிறது. உடைந்தால் சில்லுகள் சிதறிக் கண்ணையும் பதம் பார்க்கும். அக்கண்ணாடியின் பின்பகுதியிலும் கழுத்திலும் ஈயம் கலந்துள்ளது. கரையில் குவிந்தால் அது மெல்ல மெல்ல மண்ணில் இறங்கும். நம் ஊர்க் காவிரிதான் கரும்புக்கும் தென்னைக்கும் தண்ணீர் தருவது. மின்னணுக் கழிவுகளைத் தனியே சேகரித்து உரிய முறையில் பிரிக்க வேண்டும் என்னும் விதிகள் 2012 மே மாதம் முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்துள்ளன. எனவே பெட்டியை உடைக்காமல், திரைப்பக்கத்தைத் துணியால் சுற்றி, மின்னணுக் கழிவு வாங்க அனுமதி பெற்றவரிடம் முழுதாகவே ஒப்படையுங்கள்.