கைக்கு வரும் கோழி

அன்பு மகளுக்குப் பெரியம்மா எழுதிக்கொண்டது.

மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு. நேற்று வீடியோவில் நீ காட்டிய நாலு கோழிகளையும் பார்த்தேன். நல்ல சிறுவிடைப் பெட்டைகள். விற்றவன் உன்னை ஏமாற்றவில்லை. ஆனால் அவை நின்ற கோலம்தான் ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை. கார் நிறுத்துகிற இடத்து மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு, வாயைப் பிளந்து இரைத்துக்கொண்டு. உன் சின்னவன் துடைப்பத்தோடு துரத்துகிறான், நீ படம் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாய். போனில் சொல்லலாம் என்றால் உன் வீட்டில் ஒன்று குக்கர் கத்தும், இல்லாவிட்டால் அவன் போனைப் பிடுங்குவான். எழுதினால் நீ முழுக்கப் படிப்பாய். அந்தப் பழக்கம் உனக்குச் சின்ன வயசிலேயே உண்டு.

முதலில் அந்தத் துடைப்பத்தைப் பிடுங்கி உள்ளே வை. கோழிக்கு எமன் மேலே இருந்துதான் வருவான். பருந்து பாய்வது அப்படித்தானே? நீ நின்றபடி குனிந்து கையை நீட்டினால், அந்தக் கையில் கம்பு இருக்கிறதா கத்தி இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டிருக்காது, ஓடும். அதனால் உட்கார். படியில் உட்கார், இல்லாவிட்டால் முக்காலி போட்டுக்கொள். கையைத் தரையோடு வை. நேராக அதன்மேல் நடந்து போகாதே, பக்கவாட்டில் போ. வானத்தில் பருந்தைக் கண்டால் கோழிக்கு ஒரு குரல், தரையில் நாயையோ பூனையையோ கண்டால் வேறு குரல். நீ கொல்லைக் கதவைத் திறக்கும்போது என்ன குரல் எழுகிறது என்று காது கொடுத்துக் கேள். ஒரு குரலும் எழாமல் மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தால் பாதி வேலை முடிந்தது என்று அர்த்தம்.

வாங்கி வந்ததும் தோட்டத்தில் அவிழ்த்துவிட்டிருக்கிறாயே, அதுவும் சரியில்லை. ஒரு வாரமாவது அடைத்து வை. "பாவம் பெரியம்மா, ஜெயில் மாதிரி" என்று நீ சொல்வது இங்கே கேட்கிறது. பாவமெல்லாம் இல்லை. இதுதான் நம் வீடு, ராத்திரி இங்கேதான் அடைய வேண்டும் என்பது அதன் மண்டையில் ஏறுகிற வரைக்கும் வெளியே விட்டால், சாயங்காலம் எதிர்வீட்டு மாமரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். உங்கள் ஊரில் பஞ்சாரத்துக்கு எங்கே போவாய்? கம்பிவலை அடித்த கூண்டு போதும். உள்ளே ரெண்டு விரல் தடிமனுக்கு ஒரு கட்டை குறுக்கே வை, அதன்மேல் ஏறித்தான் தூங்கும். வாரம் கழித்து முதல் தடவை திறக்கும்போது காலையில் திறக்காதே. பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது திற. வெகுதூரம் போக அதற்கு நேரம் இருக்காது, இருட்டுகிறதே என்று தானாகவே திரும்பிவரும். காலில் முள் இருக்கிறதா, இறகுக்கடியில் செல்லு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் ராத்திரி தூக்கு. இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, சத்தமில்லாமல் கையில் வரும்.

இன்னொன்று. சின்னவன் ஒரு கோழியை மல்லாத்திப் போட்டு, "பாரு பெரியாச்சி, தூங்குது" என்று காட்டினான். அது தூக்கம் இல்லை. பயத்தின் உச்சியில் கோழி அப்படி மரக்கட்டை மாதிரி ஆகிவிடும், வாயில் அகப்பட்டது செத்துவிட்டது என்று நினைத்தால் கவ்வியவன் பிடியைத் தளர்த்துவான் என்கிற கடைசி நம்பிக்கையில். அவனை அடிக்காதே, ஆனால் இதைச் சொல். அவனுக்குப் புரியும், அவன் நீ நினைப்பதைவிட இளகின மனசுக்காரன். கோழியை முகத்துக்கு நேரே பிடிக்கக் கூடாது என்பதையும் சொல். மின்னுகிற எதையும் அது கொத்திப் பார்க்கும். உன் மோதிரத்தைக் கொத்தும், மெட்டியைக் கொத்தும், குழந்தையின் கண்ணும் அதற்கு அப்படித்தான். கொஞ்சி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், இதில் தாட்சணியமே வேண்டாம்.

பழக்குவதில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே குரல், அவ்வளவுதான். "பா… பா… பா…" என்று கூப்பிட்டுக்கொண்டே குருணையை முதலில் தள்ளித் தூவு. அப்புறம் உன் காலடியில் தூவு. அதற்கப்புறம் உள்ளங்கையை விரித்துத் தரையில் வை. நாலில் ஒன்று துணிச்சல்காரியாக இருப்பாள், அவள் கழுத்தை மட்டும் நீட்டி, உடம்பையும் காலையும் ஓடுவதற்குத் தயாராகப் பின்னாலேயே வைத்துக்கொண்டு, ஒரு மணி எடுப்பாள். அப்போது கையை அசைத்தாயோ, மறுபடி முதலிலிருந்துதான். எங்கள் அப்பத்தா இதற்குக் கரையான் வைத்திருப்பாள். பழைய பானையில் கிழிந்த சாக்கும் காய்ந்த சாணியும் போட்டு, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் வேலியோரம் கவிழ்த்துவைத்தால் காலையில் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். அதைக் கண்டால் எப்பேர்ப்பட்ட முரட்டுக் கோழியும் மடியில் ஏறும். உங்கள் வீட்டில்தான் கட்டும்போதே துளை போட்டுக் கரையான் மருந்து ஊற்றிவிட்டார்களே, அந்த மண்ணில் எடுத்ததைக் கொடுத்துவிடாதே. ஊறவைத்த கம்பு போதும். சின்னவன் மிக்சரைப் போடுகிறான், அதை நிறுத்து. அந்த உப்பு கோழிக்கு ஆகாது.

நாலும் ஒன்றையொன்று கொத்துகிறது என்று கவலைப்பட்டாயே, அதற்குக் கவலை வேண்டாம். யார் பெரியவள் என்று முடிவாகிற வரைக்கும் அப்படித்தான். நார்வேக்காரர் ஒருவர், ஷெல்டெரூப்-எப்பே என்று பெயர், சின்னப் பையனாக இருந்தபோதே எந்தக் கோழி எந்தக் கோழியைக் கொத்துகிறது என்று எழுதிவைக்க ஆரம்பித்தார். 1921 வாக்கில் அதை ஆராய்ச்சியாகவே எழுதிவிட்டார். கொத்துகிற வரிசை என்று உலகமெல்லாம் இன்று பேசுவது அவர் கண்டு சொன்னதுதான். சின்னவனிடமும் ஒரு நோட்டைக் கொடு. துடைப்பத்தைவிட அது நல்லது. ரத்தம் வந்தால் மட்டும் அடிபட்டதைப் பிரித்து வை. தீனித் தட்டு ரெண்டு இடத்தில் இருந்தால் சண்டை பாதியாகக் குறையும்.

முட்டை விஷயத்துக்கு வருகிறேன். இடம் மாறிய கோழி சில வாரம் முட்டையை நிறுத்திவிடும். அப்புறமும் நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும், பண்ணைக் கோழி மாதிரி தினம் ஒன்று எதிர்பார்க்கக் கூடாது. உன் மாமியார் "முட்டையும் இடலை, சும்மா தின்னுட்டு நிக்குது" என்றாராம். "தீபாவளிக்கு வெளியே கறி எடுக்க வேண்டாம் போல" என்று சிரித்தாராம். நீ இதை வேடிக்கையாகத்தான் சொன்னாய். எனக்கு வேடிக்கையாகப் படவில்லை. இப்போது புரட்டாசி, கோழிக்கு ஆபத்தில்லை. ஐப்பசி பிறந்தால்?

நான் பழக்கி வைத்திருந்த கோழி கருப்பியின் கதையை நீ ஆயிரம் தடவை கேட்டிருப்பாய். உன் அம்மா சொல்கிற கதையில் நான் மூன்று நாள் பட்டினி கிடந்ததாக வரும். அது கூட்டிச் சொன்னது, ஒரு வேளைதான் சாப்பிடவில்லை. எனக்கு முன்னால் அவளுக்குக் கல்யாணம் ஆன வருஷம், உன் அப்பா மறுவீட்டு விருந்துக்கு வந்த அன்று நடந்தது. உன் அப்பாவை நான் எப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறேனா? இலையில் வைத்ததை அவர் சாப்பிட்டார். வீடு நிறையக் கோழி இருந்தது. சித்தப்பா பிடிக்கப்போனதும் எல்லாம் கூரைமேலும் வேலிமேலும் ஏறிவிட்டன. அம்மாச்சிக்கு அவசரம். அப்போது உன் அம்மா கல்யாணப் புடவையோடு திண்ணையில் நின்றுகொண்டு, நான் கூப்பிடுகிற மாதிரியே "பா… பா…" என்று கூப்பிட்டாள். கருப்பி ஓடிவந்தது. ஓடாமல் நின்றது அது ஒன்றுதான், ஏனென்றால் ஓட வேண்டாம் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். உன் அம்மாவைக் கேட்டால், "அப்போ எனக்கு என்ன வயசு, சொன்னாங்க, கூப்பிட்டேன்" என்பாள். சரிதான். ஆனால் அந்த வீட்டிலேயே எது நம்பிக் கைக்கு வந்ததோ அதைத்தான் சுலபமாகப் பிடித்தார்கள், இல்லையா?

நான் சைவமாகிவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பு எனக்கும் வேண்டும். கறிக்கு வளர்ப்பதில் ஒரு தப்பும் இல்லை, நம் சனம் அப்படித்தான் வளர்த்தது. உனக்கு ரெண்டு வழி இருக்கிறது, எது வேண்டுமோ செய். கறிக்கென்றால் தூரத்தில் தீனி போடு, பெயர் வைக்காதே, மடியில் ஏற்றாதே, குழந்தையைப் பக்கத்தில் விடாதே. அது கோழியாகவே பயந்து, கோழியாகவே பிடிபடட்டும். பழக்குவதென்றால் கடைசி வரைக்கும் வைத்துக்கொள்ள வேண்டும். ரெண்டு மூன்று வருஷத்தில் முட்டை குறையும், அப்புறமும் பல வருஷம் உயிரோடு இருக்கும், சும்மா தின்றுகொண்டு நிற்கும். அந்தத் தீனிச் செலவுக்குச் சம்மதமா என்று மாப்பிள்ளையைக் கேள். முடிவு உன்னுடையது, உன் வீடு, உன் கோழி, நான் நடுவில் வரமாட்டேன். ஆனால் நாலுக்கும் சின்னவன் பெயர் வைத்துவிட்டான் என்று சொன்னது நீதான். பெயர் வைத்தபிறகு முடிவெடுக்க என்ன இருக்கிறது? முடியவில்லை என்றால் எனக்குச் சொல்லியனுப்பு, யாராவது ஊருக்கு வரும்போது கூடையில் போட்டுக் கொடுத்துவிடு.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்கழிச்சல் வந்தால் நாலும் ஒரே வாரத்தில் போய்விடும், வந்தபிறகு மருந்து கிடையாது. பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு இப்போதே தடுப்பூசி போட்டுவிடு. பிப்ரவரியில் முகாமும் போடுவார்கள், ஆனால் அதுவரைக்கும் காத்திராதே. மழைக்காலம் வருகிறது, கூண்டுத் தரை ஈரமில்லாமல் இருக்க வேண்டும். ஒரு மூலையில் காய்ந்த மண்ணும் அடுப்புச் சாம்பலும் கலந்து குவித்து வை, புரண்டு குளித்துக்கொள்ளும், செல்லு அண்டாது. முட்டை ஓடு கெட்டியாக இருக்கக் கிளிஞ்சலைப் பொடித்து வை. சேவல் வேண்டாம், சேவல் இல்லாமலே முட்டை இடும், விடியற்காலையில் அக்கம்பக்கத்தாரோடு உனக்கு வம்பும் வராது. தீபாவளி ரெண்டு நாளும் வெடிச் சத்தத்துக்குக் கோழிகளைப் பின்கட்டு அறைக்குள் வைத்து, ஜன்னலைச் சாத்தி இருட்டாக்கிவிடு.

நிறையத் திட்டிவிட்டேனா? கோபித்துக்கொள்ளாதே, தங்கம். நீ வேலையை விட்டதிலிருந்து ராத்திரி விழித்தே கிடக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். அதைக் கேட்டபிறகு எதையாவது எழுதாமல் இருக்க முடியவில்லை, கோழி கிடைத்தது. வாங்கியது நல்ல காரியம்தான். நம் குடும்பத்தில் அம்மாச்சிக்கு அடுத்து உனக்குத்தான் கைராசி, நீ வைத்த கறிவேப்பிலைக் கன்று இங்கே மரமாகி நிற்கிறது. சாயங்காலம் அந்தப் படியில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார், கோழிக்கும் நல்லது, உனக்கும் நல்லது. உன் மாதிரி பொறுமை உன் அம்மாவுக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. கம்பு அஞ்சு கிலோ புடைத்து வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். கூடவே உனக்குப் பிடித்த சீடையும் வரும், அதைக் கோழிக்குப் போட்டுவிடாதே. சின்னவனுக்கு என் முத்தம். அந்தத் துணிச்சல்காரி எது என்று அவனை எனக்கு எழுதச் சொல்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கோழிகள் கறிக்கு இல்லை என்பதை உன் மாமியாரிடம் நீ சொல்லாதே. தீபாவளிக்கு அவர் ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்னாலேயே மாப்பிள்ளையை விட்டுச் சொல்லச் சொல்.

இப்படிக்கு,
பெரியம்மா