அடம் பிடிக்கும் பிள்ளையா, அவதிப்படும் பிள்ளையா?



சில மாதங்களுக்கு முன் ஞாயிறு இரண்டாம் பூசையில் எழுந்தேற்ற மணி அடித்தபோது, மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் காதுகளைப் பொத்திக்கொண்டு அலறினான். பூசை முடிந்ததும், "பிள்ளையைக் கொஞ்சம் கண்டித்து வளர்க்கக் கூடாதா, அம்மா?" என்று அவன் தாயிடம் கேட்டுவிட்டேன். அவள் தலைகுனிந்து போனாள். பிறகு மூன்று வாரம் கோவில் பக்கம் வரவில்லை. வீட்டுக்குச் சென்று விசாரித்தபோதுதான் அறிந்தேன்: குக்கர் விசில் அடித்தாலும் அவன் அப்படித்தான் துடிக்கிறான். தப்பு என்னுடையது. அதிலிருந்து நான் கற்றதை இன்று பாடமாகத் தருகிறேன்.

ஐம்புலன்களை எல்லாரும் அறிவோம். இவையன்றி, உடலின் சமநிலையை உட்காது உணர்த்துகிறது; கைகால் இருக்கும் நிலையைத் தசைகளும் மூட்டுகளும் உணர்த்துகின்றன. இத்தனை செய்திகளிலும் வேண்டாதவற்றை மூளை ஒதுக்கிவிடுகிறது. ஆகவேதான் மின்விசிறியின் இரைச்சலும் சட்டைத் தையலும் நமக்குத் தொல்லையாய் இருப்பதில்லை. சில குழந்தைகளின் மூளை அப்படி ஒதுக்குவதில்லை. அவர்களுக்கு மிக்ஸி ஓசை இடியாகும். சட்டைக் கழுத்துப்பட்டி முள்ளாகும். முடிவெட்டுவதும் எண்ணெய் தேய்ப்பதும் வேதனையாகும். வேறு சிலருக்கோ செய்திகள் போதிய அளவு எட்டுவதில்லை. அவர்கள் ஓயாமல் குதிப்பார்கள், சுற்றுவார்கள், அடிபட்டும் அழமாட்டார்கள். ஒரே பிள்ளையிடம் இரண்டும் காணப்படலாம்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலரிடம் இவை உண்டு. ஆனால் இவை உள்ள பிள்ளைகள் எல்லாரும் ஆட்டிசம் உள்ளவர்கள் அல்லர். ஆட்டிசத்தை 1943-ல் அமெரிக்க மருத்துவர் லியோ கானர் 11 பிள்ளைகளைக் கொண்டு விளக்கினார். பின்னர் வல்லுநர் சிலர், தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணம் என்று பழி சுமத்தினர். தாமும் அத்தகைய பிள்ளைக்குத் தந்தையான பெர்னார்ட் ரிம்லாந்து 1964-ல் நூல் எழுதி அதை மறுத்தார். இது மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு. வளர்ப்பினால் வருவதன்று, தடுப்பூசியால் வருவதுமன்று.

இனி, பெற்றோர் செய்ய வேண்டியவை:

1. அடிக்குமுன் கவனியுங்கள். எந்த வேளையில், எந்த ஓசையில், எந்தத் துணியில், எந்த உணவில் பிள்ளை கலங்குகிறான் என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். மருத்துவரிடம் அதைக் காட்டுங்கள்.

2. வரப்போவதை முன்கூட்டிச் சொல்லுங்கள். கலங்கிய நேரத்தில் புத்திமதி வேண்டாம். அமைதியான இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

3. ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, ஒன்றரை வயதாகியும் விரலால் சுட்டிக் காட்டாமை, இரண்டு வயதாகியும் இரு சொல் சேர்த்துப் பேசாமை, பேசிய சொற்களை இழத்தல்: இவற்றில் ஒன்றைக் கண்டாலும், "தானாகச் சரியாகும்" என்று காத்திராமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள். காது கேட்கும் திறனையும் சோதியுங்கள். இத்தகைய பிள்ளைகளுக்கு மாவட்ட அளவில் அரசின் ஆரம்ப இடையீட்டு மையங்கள் உண்டு. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனமும் இருக்கிறது.

4. முற்றாகக் குணமாக்கும் மருந்து இருப்பதாகச் சொல்பவரிடம் பணத்தை இழக்காதீர்கள். பயிற்சியும் பொறுமையுமே பலன் தரும்.

உற்றார் உறவினருக்கும் ஒரு வார்த்தை: "வளர்ப்பு சரியில்லை" என்ற சொல்லை நாவிலிருந்து நீக்குங்கள். நான் சொல்லி வருந்தியது போதும்.

அந்தத் தாய் இப்போது பக்கவாசல் ஓரமாக அமர்கிறாள். மணி அடிக்குமுன், "இதோ மணி" என்று மகன் காதோடு சொல்கிறாள். அவன் தானே காதைப் பொத்திக்கொண்டு அமைதியாய் இருக்கிறான். என்றாவது அவன் அலறினால், யாரும் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம்.