உம்மாவுக்கு ‘ஹீ’யா, ‘ஷீ’யா?

தரம் 6 முதல் 9 வரையுள்ள பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்தும்போது என் சிவப்பு மை அதிகம் செலவாவது பெரிய சொற்களுக்காக அல்ல. இரண்டு, மூன்று எழுத்துகளே உள்ள சின்னச் சொற்களுக்காகத்தான். ‘என் தாய்’ என்ற தலைப்பைக் கொடுத்தால் பத்துக் கொப்பியில் நான்கிலாவது இப்படி இருக்கும்: “மை மதர் இஸ் வெரி கைண்ட். ஹீ கெட்ஸ் அப் ஏர்லி.” உம்மா மிகவும் அன்பானவர், ‘அவன்’ அதிகாலையில் எழும்புகிறான்!

வகுப்பில் இதை வாசித்தால் எல்லோரும் சிரிப்பார்கள். எழுதிய பிள்ளையும் சேர்ந்து சிரிக்கும். ஆனால் அடுத்த கிழமைக் கட்டுரையிலும் அதே ‘ஹீ’ வந்து நிற்கும். இதைக் கவனக்குறைவு என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பிழைக்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் நாம் வீட்டிலே பேசும் தமிழுக்குள் இருக்கிறது.

ஆங்கிலச் சொற்களையும் இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஆங்கில எழுத்து அறியாத தாய்மாரும் பிள்ளையோடு உட்கார்ந்து இதை வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை. மாணவியர் தங்கள் கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதிக் கொள்ளுங்கள்.

பெயருக்குப் பதிலாக வரும் சொல் பிரதிப்பெயர். நான், நீ, அவன், அவள், அது என்பன போன்றவை. தமிழிலே படர்க்கைக்கு வரும்போது நாம் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறோம். ஒன்று, ஆணா பெண்ணா என்பது. மற்றது, மரியாதை கொடுக்க வேண்டியவரா என்பது. மரியாதை வந்த உடனே முதலாவது மறைந்து விடுகிறது. அவன், அவள் என்ற வேறுபாடு ‘அவர்’ என்ற சொல்லில் இல்லை. அதிபர் வந்தார், வைத்தியர் சொன்னார், ஆசிரியர் சிரித்தார் என்றால் ஆணா பெண்ணா என்று அந்த வசனம் உங்களுக்குச் சொல்லாது.

றக்வானையில் பிறந்த பிள்ளைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கடைத்தெருவில் இறங்கினால் காதில் விழுவது சிங்களம். பேச்சுச் சிங்களத்தில் ‘எயா’ என்றால் ஆணுக்கும் அதுதான், பெண்ணுக்கும் அதுதான். ஆக, பிள்ளை தினமும் கேட்கும் இரண்டு மொழியிலும் பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது ஆணா பெண்ணா என்று யோசிக்கத் தேவையே இல்லை. ஆங்கிலம் மட்டும் ஒவ்வொரு முறையும் அதைக் கேட்கிறது. கேட்டுப் பழகாத கேள்விக்குப் பிள்ளை கைக்கு வந்த விடையை எழுதி விடுகிறது.

இதைவிட நுட்பமான காரணம் ஒன்றையும் பிள்ளைகளே எனக்குச் சொல்லித் தந்தார்கள். அகராதியைத் திறந்தால் ‘ஷீ’ என்பதற்கு நேரே ‘அவள்’ என்று போட்டிருக்கும். “டீச்சர், உம்மாவை எப்படி அவள் என்று எழுதுவது?” என்று ஒரு பிள்ளை கேட்டது. நல்ல கேள்வி. இந்தக் கூச்சத்தினாலேயே சிலர் ‘ஹீ’ எழுதுகிறார்கள், சிலர் ‘அவர்கள்’ என்று நினைத்துத் ‘தே’ எழுதுகிறார்கள். அகராதி சொன்னது பொய்யல்ல, ஆனால் பாதிதான். ‘ஷீ’ என்ற சொல்லுக்குள் அவள், அவ, அவங்க, பெண்ணைக் குறிக்கும் அவர் எல்லாமே அடக்கம். இங்கிலாந்தின் மகாராணியாக இருந்தவரும் ‘ஷீ’தான், நேற்றுப் பிறந்த பெண் குழந்தையும் ‘ஷீ’தான். அதில் மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை. ஆங்கிலக்காரர் மரியாதையை வேறு இடத்தில் வைத்திருக்கிறார்கள். ‘பிளீஸ்’, ‘மே ஐ’, ‘வுட் யூ’, ‘மேடம்’ என்பவற்றில் அது இருக்கும். ஆகவே உம்மாவைப் பற்றி எழுதும்போது தயங்காமல் ‘ஷீ’ எழுதுங்கள்.

இதனால் பரீட்சையில் ஒரு புள்ளிதானே போகும் என்று பெற்றோர் நினைக்கலாம். எமது வீடுகளில் ஆங்கிலக் கடிதம் எழுதுவது பெரும்பாலும் படிக்கும் பிள்ளைதான். தாயின் சார்பாக ஒரு பிள்ளை ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பக் கடிதம் எழுதியது. முதல் வசனத்தில் ‘மை மதர்’. அதற்குப் பிறகு கடிதம் முழுவதும் ‘ஹீ’, ‘ஹிஸ்’. விண்ணப்பிப்பது தாயா தகப்பனா என்று தெளிவுபடுத்தும்படி கடிதம் திரும்பி வந்துவிட்டது. தாய் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரத்தினபுரிக்கு பஸ் ஏற வேண்டியதாயிற்று. இரண்டு எழுத்துச் சொல் ஒரு நாள் கூலியைத் தின்றது.

சரி, ‘யூ’வுக்கு வருவோம். நீ, நீங்கள் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் ஒருவரை அழைக்க ‘தௌ’ என்ற சொல்லும், பலரை அழைக்க ‘யீ’, ‘யூ’ என்ற சொற்களும் இருந்தன. 13ஆம் நூற்றாண்டளவில் தொடங்கி, பெரியவர் ஒருவராக இருந்தாலும் பன்மையில் அழைக்கும் வழக்கம் வந்தது. நாம் ஒருவரையே ‘நீங்கள்’ என்பது போலத்தான். காலப்போக்கில் எல்லோரையும் மரியாதையாகவே அழைக்கத் தொடங்கி, 17ஆம் நூற்றாண்டில் ‘தௌ’ பொதுப் பேச்சிலிருந்து பெரும்பாலும் ஒதுங்கிவிட்டது. எனவே இன்றைய ‘யூ’ உண்மையில் ‘நீங்கள்’தான். ஒரே ஒரு தங்கையைப் பார்த்துச் சொன்னாலும் ‘யூ இஸ்’ என்று வராமல் ‘யூ ஆர்’ என்று பன்மை வினை வருவது அதனால்தான். இதை விளங்கிக் கொண்ட பிள்ளைக்கு ‘யூ ஆர்’ ஒருபோதும் மறக்காது.

‘வீ’ என்பதில் தமிழ்தான் பணக்கார மொழி. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் நாம். அவரை விட்டுவிட்டுச் சொன்னால் நாங்கள். ஆங்கிலத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. “வீ ஆர் கோயிங் ஒன் ஃப்ரைடே” என்று சிநேகிதிக்கு எழுதினால், தன்னையும் அழைக்கிறாளா, அவர்கள் மட்டும் போகிறார்களா என்று அவள் குழம்புவாள். “யூ டூ” என்றோ “வித் மை ஃபேமிலி” என்றோ இரண்டு சொல் சேர்த்துவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

இப்போது ‘ஐ’யும் ‘மீ’யும். இதைக் கற்பிக்க நான் ஆங்கில இலக்கண நூலைத் திறப்பதில்லை. தமிழ்ப் பாடத்தில் படித்த வேற்றுமையைத்தான் ஞாபகப்படுத்துவேன். நன்னூல் எட்டு வேற்றுமை சொல்கிறது. மரம் என்ற சொல்லோடு ஐ உருபு சேர்ந்தால் மரத்தை. ஆனால் ‘நான்’ என்பதோடு ஐ சேர்ந்தால் நானை என்று வராது; ‘என்னை’ என்று உருவமே மாறிவிடும். என், என்னை, எனக்கு, என்னிடம், என்னோடு எல்லாம் இப்படித்தான். ஆங்கிலத்திலும் இதே கதை. ‘ஐ’ வேலை செய்பவர் இடத்தில் இருக்கும். அந்த இடத்தை விட்டு நகர்ந்தால் ‘மீ’ ஆகிவிடும். ‘ஹீ’ ‘ஹிம்’ ஆகும், ‘ஷீ’ ‘ஹெர்’ ஆகும், ‘வீ’ ‘அஸ்’ ஆகும், ‘தே’ ‘தெம்’ ஆகும். ‘யூ’வும் ‘இட்’டும் மட்டும் சோம்பேறிகள், அசைவதில்லை. நீங்கள் மனதில் ‘என்னை’, ‘என்னிடம்’, ‘என்னோடு’ என்று நினைத்தால் பெரும்பாலும் ‘மீ’ என்றே எழுதலாம்.

பெரும்பாலும் என்றுதான் சொன்னேன். ‘எனக்கு’ என்பதில் ஒரு பொறி இருக்கிறது. “எனக்குத் தாருங்கள்” என்றால் “கிவ் மீ”, சரி. ஆனால் எனக்கு மாம்பழம் பிடிக்கும், எனக்கு விடை தெரியும், எனக்கு இரண்டு தங்கைமார், எனக்குக் காய்ச்சல் என்பவற்றில் தமிழ் ‘எனக்கு’ என்று தொடங்கினாலும் ஆங்கிலம் ‘ஐ’ என்றே தொடங்கும். “ஐ லைக் மேங்கோஸ்”, “ஐ நோ தி ஆன்ஸர்”, “ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்”, “ஐ ஹேவ் அ ஃபீவர்.” பிடிப்பது, தெரிவது, இருப்பது, வருத்தம் வருவது எல்லாம் நமக்கு வந்து சேர்பவை என்று தமிழ் பார்க்கிறது. ஆங்கிலமோ ஆளை முன்னால் நிறுத்துகிறது. எது அழகு என்று கேட்டால் நான் தமிழின் பக்கம்தான். ஆனால் ஆங்கிலப் பாடத்தில் ஆங்கிலத்தின்படி நடக்கத்தான் வேண்டும்.

இரண்டு பேர் சேர்ந்து வரும்போது பெரியவர்களுக்கும் தடுமாறும். “டீச்சர் கோல்ட் ரிஸ்னா அன்ட் ஐ” என்பதா, “ரிஸ்னா அன்ட் மீ” என்பதா? ரிஸ்னாவைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லுங்கள். மிச்சம் என்ன? “டீச்சர் கோல்ட் ஐ” என்று யாரும் சொல்லமாட்டார்கள், “கோல்ட் மீ”தான். ரிஸ்னா திரும்பி வந்தாலும் அதே ‘மீ’தான்.

தமிழில் ‘வந்தேன்’ என்றாலே போதும், வந்தது யார் என்று வினையின் வாலே சொல்லிவிடும். ஆங்கில வினைக்கு அந்த வால் இல்லை. ‘கேம்’ என்று மட்டும் எழுதினால் யார் வந்தது? ஆகவே ‘ஐ கேம்’ என்று எழுதியே ஆக வேண்டும். ஆள் இல்லாத இடத்திலும் ஆங்கிலம் ஒரு ஆளைத் தேடும். எமது ஊருக்கு மழை புதிதல்ல, மழை பெய்கிறது என்று சொல்ல “இட் இஸ் ரெய்னிங்.” அந்த ‘இட்’ எது என்று கேட்காதீர்கள், எதுவுமில்லை. முன்வரிசைக் கதிரையை நிரப்ப அமர்த்திய சொல் அது. இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. “மை ஃபாதர் ஹீ இஸ் அ டிரைவர்” என்று ஒரே கதிரையில் இருவரை உட்கார வைப்பது. ஒருவரை எழுப்பி விடுங்கள்.

நான் மிக முக்கியமாகக் கருதுவது ‘தன்’ என்ற சொல்லின் கதை. “உம்மா சாச்சியிடம் தன் குடையைக் கொடுத்தார்” என்றால் குடை உம்மாவுடையது. “அவருடைய குடையை” என்றால் அது சாச்சியுடையதாகவோ வேறொருவருடையதாகவோ இருக்கும். எவ்வளவு கூர்மை! ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ஹெர் அம்ப்ரெல்லா’தான். குடை மாறினால் பரவாயில்லை. உம்மாவும் உம்மம்மாவும் சேர்ந்து கிளினிக் போகிறார்கள், விபரத்தை நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். “மை மதர் கேம் வித் மை கிராண்ட்மதர். ஷீ ஹேஸ் டயபிட்டீஸ்.” சீனி வருத்தம் யாருக்கு? எழுதிய உங்களுக்குத் தெரியும், வாசிப்பவருக்குத் தெரியாது. இலக்கணப்படி அந்த வசனத்தில் ஒரு பிழையும் இல்லை என்பதுதான் ஆபத்து. இரண்டு பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது ‘ஷீ’யை நம்பாதீர்கள். “மை கிராண்ட்மதர் ஹேஸ் டயபிட்டீஸ்” என்று பெயரையே மறுபடி எழுதுங்கள். ஒரே சொல்லைத் திருப்பி எழுதினால் அழகு கெடும் என்று கட்டுரைக்குச் சொல்வார்கள். மருந்துத் துண்டுக்கு அந்த அழகு வேண்டாம்.

சிறு விஷயங்கள் சில. ஹெர்ஸ், யுவர்ஸ், தெயார்ஸ் என்பவற்றில் ‘எஸ்’ எழுத்துக்கு முன் அந்தச் சின்னக் கொம்பு, அப்போஸ்ட்ரஃபி, வராது. ‘இட்ஸ்’ என்பதில் கொம்பு வந்தால் ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹேஸ்’ என்று பொருள்; கொம்பு இல்லாவிட்டால் ‘அதனுடைய’. ஒவ்வொரு மாணவரும் தத்தமது புத்தகத்தைக் கொண்டு வர வேண்டும் என்று எழுத ‘ஹிஸ்’ஸா ‘ஹெர்’ரா என்று தடுமாறினால், “ஓல் ஸ்டூடண்ட்ஸ்” என்று பன்மையாக்கி ‘தெயார் புக்ஸ்’ என்று முடியுங்கள். ஆணா பெண்ணா தெரியாத ஒருவருக்கும் ‘தெயார்’ போடுவது ஆங்கிலத்தில் பல நூற்றாண்டுப் பழக்கம்தான். ஆயினும் சில ஆசிரியர்கள் ஏற்கமாட்டார்கள். பரீட்சையில் பன்மையே பாதுகாப்பு.

தாய்மாருக்கு ஒரு வேலை. உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. பிள்ளை எழுதிய கட்டுரையை வாசிக்கச் சொல்லுங்கள். ஹீ, ஷீ, ஹிம், ஹெர், தே என்று காதில் விழும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, “இது யார்?” என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை உடனே ஒரு பெயரைச் சொன்னால் போக விடுங்கள். யோசித்தால் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு.

மாணவியரே, கீழே உள்ளவற்றை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்.

அதிபர் வந்தார், அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.
எனக்கு மழை பிடிக்கும்.
இருட்டிவிட்டது.
சாச்சி உம்மாவிடம் தன் கைப்பையைக் கொடுத்தார்.
நாங்கள் போகிறோம், நீங்களும் வாருங்கள், நாம் சேர்ந்து போவோம்.

முதலாவதை எழுத முன்பு என்னிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டிவரும். கேட்காமல் எழுதியவருக்கு நான் புள்ளி போடமாட்டேன்.