நீல ஒளித் தடுப்புப் படலம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கைபேசித் திரையின் நீல ஒளி விழித்திரையைச் சிறுகச் சிறுக அழித்துவிடும் என்றும், பல அடுக்குப் படலம் பூசிய ‘புளூ கட்’ கண்ணாடி அந்த அழிவைத் தடுக்கும் என்றும் பரவியுள்ள நம்பிக்கை, கண்ணாடிக் கடைகளில் தொடங்கிப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் வரை மறுப்பாரின்றி உலவுகிறது. பார்வையில் எக்குறையும் இல்லாத குழந்தைகளுக்கும் இக்கண்ணாடி வாங்கி மாட்டப்படும் நிலையில், இதைத் தீங்கற்ற அறியாமை என்று விட்டுவிடுவது பொறுப்பற்ற செயலாகும்.

படலத்தின் இயற்பியலில் பொய் ஏதும் இல்லை. ஒளியை அதிகம் வளைக்கும் டைட்டானியம் டை ஆக்சைடும் குறைவாக வளைக்கும் சிலிக்கான் டை ஆக்சைடும் வெற்றிடக் கலத்தில் ஆவியாக்கப்பட்டு, வில்லையின் மேல் மாறி மாறி மெல்லிய அடுக்குகளாகப் படியவைக்கப்படுகின்றன. அடுக்கின் தடிமன், விலக்கப்பட வேண்டிய ஒளி அந்த அடுக்கினுள் கொள்ளும் அலைநீளத்தில் கால் பங்காக அமையும்போது, ஒவ்வோர் எல்லையிலும் எதிரொளிக்கும் அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தி அந்நிறத்தைத் திருப்பி அனுப்புகின்றன. இதுவே குறுக்கீடு எனப்படும் விளைவு. 440 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிக்கு முதற்பொருளில் ஏறத்தாழ 45 நானோமீட்டரும் இரண்டாவதில் 75 நானோமீட்டரும் போதும். ஆயினும் சந்தையில் விற்கும் தெளிந்த வில்லைகள் நீல ஒளியில் பொதுவாகப் பத்து முதல் இருபத்தைந்து விழுக்காட்டையே குறைக்கின்றன. எஞ்சியதெல்லாம் கண்ணுக்குள்தான் செல்கிறது.

நீல ஒளி எந்நிலையிலும் தீங்கு செய்யாது என்று எவரும் சொல்லவில்லை. 441 நானோமீட்டர் ஒளியைச் செறிவான கற்றையாகப் பாய்ச்சினால் குரங்கின் விழித்திரை புண்படும் என்பதை ஆய்வாளர் ஹாமும் அவருடன் பணியாற்றியோரும் 1976ஆம் ஆண்டிலேயே காட்டினர். ஆனால் தீங்கு என்பது நிறத்தை மட்டுமல்ல, அளவையும் பொறுத்தது என்ற அடிப்படையை வதந்தி மறைத்துவிடுகிறது. திரைகளையும் விளக்குகளையும் அளந்து ஓஹேகன் உள்ளிட்டோர் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, நெடுநேரம் திரையைப் பார்த்தாலும் பன்னாட்டுப் பாதுகாப்பு வரம்பு எட்டப்படுவதில்லை என்று கண்டது. கைபேசித் திரையின் ஒளிர்வு பெரும்பாலும் சதுர மீட்டருக்குச் சில நூறு கேண்டெலா. தெளிந்த பகல் வானத்தின் ஒளிர்வோ சில ஆயிரம். வானத்தை அண்ணாந்து பார்க்கும் குழந்தைக்காக அஞ்சாதவர்கள் அதைவிட மங்கலான திரையின் நீலத்துக்கு அஞ்சுவதில் எந்த நியாயமும் இல்லை.

2018ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வையே வதந்தி பரப்புவோர் இன்றும் நீட்டுகின்றனர். அந்த ஆய்வில் கண்ணின் ரெட்டினால் என்னும் வேதிப்பொருள் சேர்க்கப்பட்டு நீல ஒளியால் மடிந்தவை, ஆய்வகத் தட்டில் வளர்க்கப்பட்ட, ஹீலா எனப்படும் புற்றுநோய்ச் செல்கள் போன்றவை. உயிருள்ள கண்ணோ கைபேசித் திரையோ அதில் இடம்பெறவில்லை. அதைக் குருட்டுத்தன்மைக்குச் சான்றாகக் காட்டுவது ஆய்வைத் திரிப்பதாகும்.

கடைகளில் ஊதா-நீல லேசர் பேனாவை வில்லையின் மீது அடித்து, ஒளி மறுபுறம் செல்லாததைக் காட்டும் செயல்விளக்கம் அதைவிட மோசமானது. அத்தகைய பேனாக்கள் பெரும்பாலும் உமிழ்வது 405 நானோமீட்டர் ஒளி, எல்.இ.டி. திரையின் நீல உச்சம் இருப்பதோ 450 நானோமீட்டரை ஒட்டி. திரையில் ஏறத்தாழ இல்லாத ஒளியைத் தடுத்துக் காட்டிவிட்டு, திரையிலிருந்து காப்பதாகச் சொல்வது வாங்குவோரை ஏமாற்றுவதன்றி வேறில்லை. இத்தகைய கூற்றுகளை விளம்பரப்படுத்திய கண்ணாடி விற்பனை நிறுவனம் ஒன்றுக்குப் பிரிட்டனில் இத்தொழிலை ஒழுங்குபடுத்தும் ஜெனரல் ஆப்டிகல் கவுன்சில் 2017ஆம் ஆண்டில் 40,000 பவுண்டு அபராதம் விதித்தது.

கண் சோர்வு உண்மையானதே. அதற்கான காரணம்தான் வேறு. ஓய்வாக இருக்கையில் நிமிடத்துக்கு 22 முறை இமைப்பவர்கள் திரையைப் பார்க்கையில் 7 முறையே இமைத்ததாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 1993ஆம் ஆண்டில் பதிவு செய்தனர். இமைக்காத கண்ணில் கண்ணீர்ப் படலம் உலர்கிறது. பார்வையை அருகிலேயே குவித்திருக்கும் தசைகளும் களைக்கின்றன. 17 சோதனைகளைத் தொகுத்து 2023ஆம் ஆண்டில் வந்த காக்ரேன் மதிப்பாய்வு, நீல ஒளி வடிகட்டும் வில்லைகள் சாதாரண வில்லைகளைவிடக் குறுகிய காலத்தில் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று கூறியது. ஆகவே அடிக்கடி இமைப்பதும், இடையிடையே தொலைவில் பார்ப்பதும், சரியான பவருள்ள கண்ணாடி அணிவதுமே பயன் தருபவை.

பிற நம்பிக்கைகளுக்குச் சுருக்கமான மறுப்பே போதும். இப்படலம் உறக்கத்தைக் காக்கும் என்பது ஐயத்துக்குரியது. உடலின் கடிகாரத்தை இயக்கும் மெலனாப்சின் என்னும் நிறமி, படலம் குறிவைக்கும் நீலத்தைவிட அலைநீளம் கூடிய, 480 நானோமீட்டரை ஒட்டிய ஒளியையே மிகுதியாக உணர்வதால், படுக்கைக்கு முன் திரையை அணைப்பதே நேர்வழி. எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சும் நீலத் தடுப்பும் ஒன்று என்பதும் தவறு. முன்னது கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் வீணாகும் ஏறத்தாழ 4 விழுக்காட்டு ஒளியை மீட்டுத் தருவது, அதற்குப் பணம் கொடுக்கலாம். கண்ணாடி அணிந்தால் பவர் கூடும் என்பது இன்னும் சாகாத பழங்கதை.

விழித்திரையை உண்மையில் புண்படுத்தும் நீல ஒளி வேறோர் இடத்தில் எரிகிறது. வெல்டிங் சுடரின் புற ஊதா ஒளி கருவிழியைச் சுட்டு, மணல் விழுந்தாற்போன்ற வலியைத் தருகிறது. அதன் நீல ஒளியோ விழித்திரையையே சுடக்கூடியது. தானாக இருளும் வெல்டிங் முகக்கவசத்தில் புற ஊதா, அகச்சிவப்புக் கதிர்களைத் தடுப்பதும் இதே பல அடுக்குக் குறுக்கீட்டுப் படலம்தான். பத்தாம் எண் கருமையுள்ள சாதாரண வெல்டிங் கண்ணாடிகூட ஒளியில் ஏழாயிரத்தில் ஒரு பங்கையே உள்ளே விடுகிறது. ஆனால் தெருவோரக் கிரில் பட்டறைகளில் இளைஞர்கள் வெறும் கூலிங் கிளாஸ் அணிந்தோ, முகத்தைத் திருப்பிக்கொண்டோ பற்றவைக்கின்றனர். வீட்டுக்குக் கதவும் கிரிலும் செய்யச் சொல்பவர், கூலி பேசும்போதே பற்றவைப்பவருக்கு முகக்கவசம் உண்டா என்று கேட்க வேண்டும்; இல்லையெனில், பிள்ளையின் கைபேசிக்காகப் படலக் கண்ணாடி வாங்க ஒதுக்கிய பணத்தில் அதை வாங்கித் தர வேண்டும்.