பசி மரபணுவில் இடும் குறி

1944ஆம் ஆண்டின் இறுதியில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு செல்வதை ஜெர்மானியப் படை தடுத்தது. கடுங்குளிரில் கால்வாய்களும் உறைந்தன. ஒருவருக்கான நாள் பங்கீடு 1000 கலோரிக்கும் கீழே இறங்கியது. மக்கள் துலிப் மலர்க் கிழங்குகளையும் உண்டனர். 1945 மே மாதம் வரை நீடித்த இப்பஞ்சத்தில் சுமார் 20,000 பேர் இறந்தனர்.

இப்பஞ்சம் தொடங்கிய காலமும் முடிந்த காலமும் தெளிவாகத் தெரியும். எனவே, அப்போது கருவில் இருந்தவர்களைப் பிற்காலத்தில் ஆராய முடிந்தது. கருவின் நடு, இறுதி மாதங்களில் பஞ்சத்துக்கு ஆளானவர்களிடம் கடுமையான மனநிலைக் கோளாறுகள் கூடுதலாகக் காணப்பட்டன. பஞ்சத்தின்போது கருவானவர்களை அவர்களின் உடன்பிறந்தோருடன் ஒப்பிட்ட ஆய்வு 2008இல் வெளியானது. வளர்ச்சிக்குரிய ஒரு மரபணுவின்மீது இருக்கும் மெத்தில் குறிகள், அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அவர்களிடம் குறைவாகவே இருந்தன.

மெத்தில் குறி என்பது என்ன? மரபணுவை ஒரு பாடநூலாகக் கொள்வோம். குறி, எழுத்தை மாற்றுவதில்லை. எந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும், எதை மூடி வைக்க வேண்டும் என்பதையே மாற்றுகிறது. இதை ஆராயும் துறை எபிஜெனிடிக்ஸ்.

அடுத்த வேளை உணவு கிடைக்குமா என்ற கவலையும் ஓர் அழுத்தமே. அழுத்தம் வந்தால் உடலில் கார்டிசோல் சுரக்கிறது. மூளையிலுள்ள ஏற்பிகள் அதை உணர்ந்து, 'போதும்' என்று சுரப்பை நிறுத்துகின்றன. ஏற்பிக்குரிய மரபணு மூடப்பட்டால் இந்தத் தடை தளர்கிறது. அழுத்தம் எளிதில் அடங்குவதில்லை. மனச்சோர்வுக்கு இட்டுச்செல்லும் வழிகளுள் இதுவும் ஒன்றாகக் கருதப்படுகிறது.

குறி விழுந்துவிட்டால் அதுவே விதியா? இல்லை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வு 2004இல் வெளியானது. தாய் எலி நக்கிப் பேணாத குட்டிகளில் இந்த ஏற்பி மரபணுவின்மீது குறி மிகுந்திருந்தது. அக்குட்டிகளைப் பிறந்தவுடன் நன்கு பேணும் தாயிடம் விட்டபோது அந்த வேறுபாடு மறைந்தது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்த இயலாது. எனினும், பராமரிப்பு உடலின் உள்ளே வரை எட்டுகிறது என்பதை இது காட்டுகிறது.

வகுப்பறையில் நாம் செய்யக்கூடியவை சில. 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் உள்ள பள்ளிகளில், தாமதமாக வரும் குழந்தைக்கும் உணவு எஞ்சியிருக்கிறதா எனப் பார்க்கலாம். விடுமுறைக்கு அடுத்த நாள் காலையில் சோர்ந்திருப்போரைக் கவனிக்கலாம். "சாப்பிட்டாயா?" என்பதை வகுப்பின் முன் கேட்காமல் தனியே கேட்கலாம். எரிச்சல், ஒதுங்கியிருத்தல், விளையாட்டில் நாட்டமின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் பெற்றோரிடம் பேசி, மருத்துவ ஆலோசனைக்கு வழிகாட்டலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கும். 'சோம்பேறி' என்று ஒரு குழந்தையைச் சொல்லுமுன், அது காலையில் என்ன உண்டது என்று அறிந்துகொள்வோம்.