எலிக்கு மஞ்சளை எப்போது கொடுப்பாய்?

அன்புள்ள கயல்விழிக்கு,

நீ அனுப்பிய ஆராய்ச்சித் திட்டத்தை இரண்டு தடவை படித்தேன். மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்க்குமின் ஈரல் தழும்பைக் குறைக்குமா என்று எலிகளில் பார்க்கப் போகிறாய். நல்ல கேள்விதான். செய்முறையில் ஒரு வரி மட்டும் உறுத்துகிறது. முதல் நாளிலிருந்தே கார்பன் டெட்ராகுளோரைடு ஊசியும் குர்க்குமினும் சேர்ந்தே போகும் என்று எழுதியிருக்கிறாய்.

அப்படிச் செய்தால் முடிவு என்ன வரும் என்று நானே இப்போது எழுதித் தந்துவிடுவேன். குர்க்குமின் ஜெயிக்கும். சீந்திலோ கீழாநெல்லியோ திராட்சை விதையோ கொடுத்தாலும் அநேகமாக ஜெயிக்கும். கார்பன் டெட்ராகுளோரைடின் நாசம் பெரும்பாலும் அது ஈரல் செல்லுக்குள் போய் மாறிய பிறகே தொடங்குகிறது. அங்கே இருக்கும் சிபி2இ1 நொதி அதை உடைத்து டிரைகுளோரோமெத்தில் என்ற ஃப்ரீ ராடிக்கலாக்குகிறது. அதுதான் செல்லின் கொழுப்புச் சவ்வை அரிக்கிறது. அந்த நேரத்தில் ஓர் ஆன்டிஆக்ஸிடன்ட் பக்கத்திலேயே காத்திருந்தால் விஷத்தின் வேகம் அப்போதே குறைந்துவிடும். காயம் குறைந்தால் தழும்பும் குறையும். நீ பார்த்தது விஷமுறிவு. ஆய்வேட்டில் எழுதப்போவதோ தழும்புக்கு மருந்து என்று. நோய்க்கூறியல் துறையில் இருந்த காலத்தில் என் மேசைக்கு வந்த மூலிகை ஆய்வேடுகளில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான். எல்லாவற்றுக்கும் பட்டம் கிடைத்தது, அது வேறு கதை.

மனிதர்கள் எப்படி வருகிறார்கள் என்று யோசி. பத்து இருபது வருஷம் குடித்தோ, சர்க்கரையும் தொப்பையுமாக இருந்தோ, மஞ்சள் காமாலை வைரஸைச் சுமந்தோ, தழும்பு விழுந்த பிறகு வருகிறார்கள். காயம் தொடங்கிய அன்றே மாத்திரை போட்டுக்கொண்டவர் ஒருவரும் இல்லை.

தழும்பு போடும் செல்லை உனக்குத் தெரியும். 1876-இல் குப்பர் என்ற ஜெர்மானியர் முதலில் கண்ட நட்சத்திர செல். நல்ல நாளில் வைட்டமின் ஏ-யைச் சேர்த்து வைத்துக்கொண்டு சும்மா கிடக்கும். காயம் ஓயாமல் தொடர்ந்தால் அந்தச் சேமிப்பை இழந்து, டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதத்தின் தூண்டுதலில், தழும்பின் நாரான கொலாஜனைக் கொட்டத் தொடங்கும். தட்டில் வளர்த்த நட்சத்திர செல்களைக் குர்க்குமின் அடக்குகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. உன் ஆய்வுக்கு வலு சேர்ப்பது அதுதான். எனவே முதல் ஆறு அல்லது எட்டு வாரம் விஷம் மட்டும் கொடு. சில எலிகளின் ஈரலை எடுத்துத் தழும்பு விழுந்துவிட்டது என்று உறுதி செய்துகொள். அப்புறம் குர்க்குமினைத் தொடங்கு.

இதிலும் ஒரு குழி இருக்கிறது. விஷத்தை நிறுத்தினால் எலியின் ஈரல் தானாகவே தேறும். 1998-இல் ஐர்டேலும் குழுவினரும் நான்கு வாரம் விஷம் கொடுத்து நிறுத்தினார்கள். அடுத்த 28 நாளில் நட்சத்திர செல்கள் செத்து ஒழிய, தழும்பு பெரும்பாலும் மறைந்துவிட்டது. மருந்தே கிடையாது! ஆகவே விஷம் நிறுத்தி, குர்க்குமின் கலக்கும் திரவத்தை மட்டும் பெறும் ஒரு குழு உனக்குக் கட்டாயம் வேண்டும். அதைவிடக் குர்க்குமின் குழு வேகமாகத் தேறினால் மட்டுமே உன் கையில் ஏதோ இருக்கிறது. எலி எண்ணிக்கை கூடுகிறது என்று நெறிமுறைக் குழு முணுமுணுக்கும். இந்தக் குழு இல்லாவிட்டால் மற்ற எலிகள் செத்ததும் வீண் என்று சொல்.

ரத்தத்தில் எஸ்ஜிபிடி நொதி குறைந்ததை வைத்துத் தழும்பு குறைந்தது என்று எழுதிவிடாதே. செல் உடைவது வேறு, நார் படிவது வேறு. 2010-இல் வெளியான பிவென்ஸ் ஆய்வைப் பார். கொழுப்பு ஈரல் அழற்சி உள்ளவர்களுக்கு 96 வாரம் வைட்டமின் ஈ, தினம் 800 யூனிட். 43 சதவீதத்தினருக்கு அழற்சி தேறியது, வெறும் மாத்திரை பெற்றவர்களில் 19 சதவீதம். தழும்பில் மட்டும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அதனால் கொலாஜனை அளக்க, சிரியஸ் ரெட் சாயம் ஏற்றிய ஸ்லைடும் ஹைட்ராக்சிபுரோலின் அளவும் இரண்டுமே வேண்டும். ஸ்லைடு படிப்பவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக்கூடாது. நானே படித்துத் தருகிறேன், எண்ணை மட்டும் ஒட்டி அனுப்பு.

அளவுக்கு வருவோம். கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறாய். வழக்கமான கணக்கில் 6.2 ஆல் வகுத்தால், 60 கிலோ மனிதருக்கு ஏறக்குறைய இரண்டு கிராம் குர்க்குமின். மஞ்சள்தூளில் அது மூன்று சதவீதம் போலத்தான். அப்படியென்றால் தினமும் அறுபது கிராமுக்கு மேல் மஞ்சள்தூள்! தின்றாலும் குடல் வழியாக ரத்தத்துக்குப் போவது கொஞ்சமே. 1998-இல் பெங்களூரு ஆய்வாளர்கள் இரண்டு கிராம் குர்க்குமினோடு மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது ரத்தத்தில் ஏறியது இருபது மடங்கு கூடியதாகக் கண்டார்கள். அதிலிருந்துதான் கடைக் குப்பிகளில் மிளகுச் சாறு சேர்ந்தது.

நீ ஈரல் ஆராய்ச்சி செய்கிறாய் என்று தெரிந்ததுமே சொந்தபந்தம் முழுக்க உன்னிடம் குப்பியைக் காட்டும். உன் பெரியப்பா ஏற்கெனவே என்னிடம் கேட்டாயிற்று. குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றி யாரும் பயப்பட வேண்டாம் என்று சொல். மாத்திரை கதை வேறு. அமெரிக்காவில் மருந்தால் வரும் ஈரல் பாதிப்பைக் கண்காணிக்கும் மருத்துவர்கள் மஞ்சள் மாத்திரையால் ஈரல் கெட்ட பத்துப் பேரை 2022-இல் விவரித்தார்கள். ஒருவர் இறந்துபோனார். பலரிடம் ஹெச்எல்ஏ-பி 35:01 என்ற மரபணு வகை இருந்தது. ஈரலுக்கென்று வாங்கியதே ஈரலைக் கெடுக்கலாம்.

தழும்பு பின்வாங்குமா என்று கேட்டால், பின்வாங்கும் என்று தைரியமாகச் சொல். ஹெபடைடிஸ் பி நோயாளிகள் ஐந்து வருஷம் டெனோஃபோவிர் சாப்பிட்ட ஆய்வு 2013-இல் வந்தது. சிரோசிஸ் என்னும் முற்றிய தழும்பு இருந்த 96 பேரில் 71 பேருக்கு, ஈரல் துணுக்கைச் சோதித்தபோது சிரோசிஸ் இல்லை. அந்த மருந்து தொட்டது வைரஸை, தழும்பை அல்ல. காயம் நின்றதும் ஈரல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டது. உன் பெரியப்பாவிடமும் மாத்திரைக்குப் பதில், காயத்தை நிறுத்த எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்கத்தான் சொன்னேன். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

ஒரு விஷயம் பாக்கி. கார்பன் டெட்ராகுளோரைடு சீக்கிரம் ஆவியாகும், மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போகும். ஆலிவ் எண்ணெயில் கலக்கும்போது ஃப்யூம் ஹூடுக்கு வெளியே குப்பியைத் திறக்காதே, ஹூடு ஓடுகிறதா என்று முதலில் பார். சாதாரண ரப்பர் கையுறை அதற்குத் தாங்காது, சரியானதைக் கேட்டு வாங்கு. திருத்திய செய்முறையை, நெறிமுறைக் குழுவுக்குப் போகும் முன் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா